இரண்டு நாள் அவகாசம்

குறைமாதத்தில் வலி கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாதம் நிறைந்துதான் பிரசவிக்கிறார்கள். அடுத்த ஏழு நாளுக்குள் குழந்தை பெறுபவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் 28ஆவது வாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்திருக்கும் பெண் இதில் எந்தப் பக்கம் என்று அந்த ராத்திரியில் உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. அதற்குப் பிறகு நடக்கும் வைத்தியம் முழுவதும் இந்தத் தெரியாமையை வைத்துக்கொண்டு செய்யப்படுவதுதான். அது புரியாததால்தான் குடும்பங்கள் ஒன்று தேவைக்கு மேல் பயப்படுகின்றன, அல்லது மறுநாள் வலி நின்றதும் எல்லாம் முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகின்றன.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைப்பிரசவம். 2020இல் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அதில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை.

நம் வீடுகளில் முதலில் காதில் விழுவது “சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி” என்பது. பெரும்பாலும் பாட்டி சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் வயிறு கல்லாக இறுகித் தளர்வது ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தாலோ, இடுப்பு வலி வந்து வந்து போனாலோ, அடிவயிறு கீழே அழுத்துவதுபோல் இருந்தாலோ, நீர்போலக் கசிந்தாலோ, துளி இரத்தம் பட்டாலோ, சீரகம் வேலை செய்கிறதா என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இப்படி வலி வரலாம். எரிச்சலே இல்லாமல்கூடத் தொற்று இருக்கும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம்.

மருத்துவமனையில், உள்வழி ஸ்கேன் மூலம் கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பார்கள். 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இப்போதைக்குப் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. 20க்குக் கீழே இறங்கியிருந்தால் நிலைமை வேறு. வலியைத் தணிக்க மருந்து தருவார்கள். இரத்த அழுத்தத்துக்கு நாம் அறிந்த நிஃபெடிபைன்தான் இன்று அதிகம் பயன்படுவது. “வலி நிக்கிறதுக்கு மருந்து போட்டிருக்காங்க” என்று வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் அந்த மருந்துகளுக்கு அத்தனை சக்தி இல்லை. அவை பிரசவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதில்லை. இரண்டு நாள் வாங்கித் தரும், பல சமயம் அவ்வளவுதான். வலி அடங்கிய பிறகும் அதே மாத்திரையை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பயன் இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பப்பைக்குள் கிருமித்தொற்றோ கடும் இரத்தப்போக்கோ இருந்தால் வலியை நிறுத்த முயல்வதே தவறு.

இரண்டு நாள் எதற்கு? அந்தக் கதை நியூசிலாந்தின் ஆட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது.

1960களில் ஆக்லாந்தின் தேசிய மகளிர் மருத்துவமனையில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவத்தைத் தொடங்கிவைப்பது தாயா குழந்தையா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். சினை ஆடுகளின் கருவிலிருக்கும் குட்டிக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். ஆடுகள் முன்கூட்டியே ஈன்றன. கேள்விக்கு விடை கிடைத்தது. ஆனால் அவர் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. செத்தே பிறந்திருக்க வேண்டிய அளவுக்குச் சின்னக் குட்டி ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நுரையீரலில் காற்று ஏறியிருந்தது.

நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிப்போகாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்புப் பூச்சு. அது இல்லாத நுரையீரல், ஈரமான பாலிதீன் பை போல உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் அதைப் புதிதாகப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தை எத்தனை நேரம் அப்படிப் போராடும்? 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்தது இந்த மூச்சுத்திணறலால்தான்.

லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும், இந்தப் பூச்சை முன்கூட்டியே உருவாகவைக்கும் ஸ்டீராய்டு ஊசியை 282 தாய்மார்களிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 15 சதவீதம் பிறந்த சில நாட்களில் இறந்தன; போட்டவர்களின் குழந்தைகளில் 3.2 சதவீதம். இத்தனை தெளிவான முடிவுக்குப் பிறகும் மருத்துவ உலகம் அசையவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதை வழக்கமாக்கச் சொன்னது 1994இல்தான். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் போன உயிர்களை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது.

ஊசி முழுப் பலன் தர ஒன்றிரண்டு நாள் வேண்டும். டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை வீதம் நான்கு ஊசி, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. வலியை அடக்கி வாங்கும் அவகாசம் இதற்குத்தான். இன்னொன்றுக்கும்: தாயை, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குக் கொண்டுபோக. பிறந்த பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே 108இல் தாயை மாற்றுவது எவ்வளவோ மேல்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராம அளவில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மொத்தத்தில் பச்சிளங்குழந்தை மரணம் சற்றுக் கூடியது. மாதக்கணக்கு சரியாகத் தெரியாமல், ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்துகொண்டு அதே வகை ஊசியைப் போட்டது. மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6ஆகக் குறைந்தது. ஆகவே முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வாரக்கணக்குக்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

32 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் மெக்னீசியம் சல்பேட்டும் ஏற்றுவார்கள். உடம்பு தகதகவென்று எரிவதாகப் பெண்கள் சொல்வார்கள். அந்த மருந்து குழந்தையின் மூளைக்கு. பெருமூளை வாத அபாயத்தை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைக்கிறது.

வலி அடங்கி வீட்டுக்கு அனுப்பிய பிறகு வருவதுதான் நீளமான பாதை. உடனே வரும் உத்தரவு: “கட்டிலை விட்டு இறங்காதே.” கர்ப்பப்பை வாய் குறுகிய பெண்களை அமெரிக்காவில் கவனித்த ஓர் ஆய்வில், நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களில் 37 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம் ஆனது, சொல்லப்படாதவர்களில் 17 சதவீதம். படுத்ததால்தான் ஆனது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. படுத்தால் தடுக்கலாம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. ஆனால் காலில் இரத்தம் உறைவதும் தசை கரைவதும் மனம் குலைவதும் நிச்சயமான கேடுகள். பளு தூக்காமல், அலையாமல், வீட்டு வேலையைப் பிறர் பகிர்ந்துகொண்டால் போதும். ‘பெட் ரெஸ்ட்’ என்று எழுதினால் எதற்கு, எத்தனை நாள் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை.

குறைப்பிரசவத்தைத் தடுக்கத் தரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனிலும் பயன் இருக்கிறதா என்ற இதே கேள்வி உண்டு. கர்ப்பப்பை வாய் குறுகியவர்களுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை பயன் தருகிறது. வாரம் ஒருமுறை போடும் ஊசியின் கதை வேறு. 2003இல் வந்த ஆய்வை நம்பி 2011இல் அமெரிக்கா அனுமதித்தது. 2019இன் பெரிய ஆய்வில் பலன் தென்படவில்லை. 2023இல் அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

தையல் பற்றி நம்மவர்கள் கொஞ்சம் பெருமைப்படலாம். கர்ப்பப்பை வாயைச் சுற்றித் தைத்து இறுக்கும் முறையை உருவாக்கியவர் பம்பாயின் மருத்துவர் வி.என். ஷிரோத்கர். தொடையின் சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கட்டினார். அவருடைய கட்டுரை 1955இல் வந்தது, சென்னையில் தொடங்கப்பட்ட ‘ஆன்டிசெப்டிக்’ இதழில். இரண்டு ஆண்டு கழித்து மெல்போர்னின் மெக்டொனால்ட் அதை எளிமையாக்கினார். முன்பு குறைப்பிரசவம் ஆகி, இம்முறை 24 வாரத்துக்குள் வாய் 25 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகினால் தையல் போடுவார்கள்; 36, 37 வாரத்தில் பிரிப்பார்கள். வலி தொடங்கிய பிறகு அது உதவாது.

நம் ஊரில் தனிச் சிக்கல் ஒன்று: ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவது. மிகுந்த கவனம் தேவைப்படும் வாரங்களில்தான் ஊரும் மருத்துவரும் மாறுகிறார்கள். ஏற்கெனவே வலி கண்ட பெண்ணை அனுப்புவதென்றால், அங்கே சின்னக் குழந்தைகளைப் பார்க்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே, எத்தனை வாரக் குழந்தைவரை எடுப்பார்கள் என்று முன்னாலேயே விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்டீராய்டு ஊசி போட்ட தேதியும் கையில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு, 34 வாரத்துக்குள், மறுபடி பிரசவ வலி வந்தால் இன்னொரு சுற்று ஊசி வேண்டுமா என்று தீர்மானிக்க அந்தத் தேதி தேவை. ‘ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது’ என்பதை மட்டும் யாரும் அவள் காதில் போட வேண்டாம். அது பொய். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்.

அடுத்த முறை கர்ப்பமானால், நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பப்பை வாயை அளக்கத் தொடங்குவது 16ஆவது வாரத்தில். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குக் காத்திருந்தால் சிலருக்கு அது தாமதமாகிவிடும்.