சிறு விமானத்தின் ஏரியலை நாமே செய்யலாமா?

வானொலி என்றதும் பாட்டும் செய்தியும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். இருவர் அமரும் சிறு விமானத்தை ஓட்டுபவருக்கோ அது உயிரோடு தொடர்புடையது. எந்த ஓடுபாதையில் இறங்குவது, அருகில் வேறு விமானம் வருகிறதா, மழை மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது என்பவை எல்லாம் அதன் வழியாகவே வந்து சேர்கின்றன. வானொலி ஊமையாகிவிட்டால் விமானி டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7600 என்ற எண்ணை வைத்துத் தம் நிலையை உணர்த்துவார். பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரம் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகளைப் பார்த்தே இறங்க வேண்டியிருக்கும். வானொலிப் பெட்டி நன்றாக இருந்தும் ஏரியலோ அதன் இணைப்போ கெட்டிருந்தாலும் இதே கதிதான்.

அந்த ஏரியலை வீட்டிலேயே செய்ய முடியும் என்றால் பலர் நம்புவதில்லை. நான் செரண்டாவில் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்று, 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் பேசி வருகிறேன். விமானங்கள் பேசும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டும் அண்டை வீடுகள் போன்றவை. ஏரியல் செய்யும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. அந்த அனுபவத்தைக் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நீளம் எப்படி வருகிறது?

எஸ்.பி.எம். இயற்பியலில் படித்த சூத்திரம்தான் இங்கும் அடிப்படை: அலையின் வேகம் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம். வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஆகவே 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். விமான அலைவரிசையின் நடுப்பகுதி 127.5. அதன் அலைநீளம் 2.35 மீட்டர். அதில் கால் பங்கு 58.8 சென்டிமீட்டர். கம்பியின் பருமனாலும் முனைகளின் விளைவாலும் உண்மையான நீளம் இதைவிடச் சுமார் 5 விழுக்காடு குறையும். எனவே 56 சென்டிமீட்டர் கம்பி ஒன்று போதும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 118க்கு 60 சென்டிமீட்டர் வேண்டும். 137க்கு 52 சென்டிமீட்டர் போதும். ஒரே கம்பி இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். மெல்லிய கம்பி குறுகிய வரம்பில்தான் நன்றாக வேலை செய்யும். கம்பி தடிக்கத் தடிக்க, அல்லது தகடு அகலமாக ஆக, வரம்பு விரியும். விமானங்களில் தடித்த தண்டுகளையும் அகன்ற தகடுகளையும் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபாதி எங்கே?

கால் அலைக் கம்பி ஏரியலின் ஒரு பாதிதான். மின்னோட்டம் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் அதற்கு ஈடான ஓட்டம் வேண்டும். அதற்கு ஓர் உலோகப் பரப்பு தேவை. இதைத் 'தரைத்தளம்' என்கிறோம். தோட்ட வீடுகளின் தகரக் கூரையை எண்ணிப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு கம்பியை நட்டு, கேபிளின் உள்கம்பியை அதிலும் வெளியுறையைத் தகரத்திலும் இணைத்தால் ஏரியல் முழுமை பெறும். அலுமினிய விமானத்தின் முதுகும் இந்தத் தகரக் கூரை போன்றதுதான். அங்கே இணைப்புப் பரப்பில் துருவோ சாயமோ இருந்தால் மறுபாதி அறுந்துவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இதை அடிக்கடி சோதிக்க வேண்டும்.

துணி போர்த்திய விமானத்திலும் மரத்தால் கட்டிய விமானத்திலும் இந்தப் பரப்பு இல்லை. உள்ளே உலோகப் பட்டைகளை விரித்துத் தரைத்தளத்தை உருவாக்குவார்கள். கண்ணாடி இழை விமானத்தில் இன்னொரு வசதி உண்டு. கண்ணாடி இழை வானொலி அலையைத் தடுப்பதில்லை. அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரிஈஸி விமானம் 1975இல் முதலில் பறந்தது. ஆர்வலர்கள் தங்கள் கொட்டகையிலேயே கட்டக்கூடிய இத்தகைய கண்ணாடி இழை விமானங்களுக்கு ஜிம் வியர் என்ற மின்னணுப் பொறியாளர் செம்புப் பட்டை ஏரியல்களைப் பரப்பினார். ஒட்டும் செம்புப் பட்டை இரண்டை எதிரெதிராக ஒட்டி, நடுவில் கேபிளை இணைத்து, கேபிளின் மேல் ஃபெரைட் வளையங்களைக் கோப்பதுதான் முறை. அந்த வளையங்கள் கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் வழிவதைக் குறைக்கின்றன. எல்லாம் விமானத்தின் உடலுக்குள் இருப்பதால் காற்றுத் தடையும் இல்லை.

கரிம இழை விமானத்தில் இது செல்லாது. கரிம இழை மின்சாரத்தைக் கடத்துவதால் அலையை உள்ளேயே அடைத்துவிடும். ஏரியலை வெளியேதான் பொருத்த வேண்டும்.

திசையும் முக்கியம். பேச்சு ஏரியல் செங்குத்தாக நிற்க வேண்டும், ஏனெனில் கோபுரத்தின் ஏரியலும் செங்குத்தானது. வழிகாட்டும் வி.ஓ.ஆர். நிலையங்கள் கிடைமட்ட அலையை அனுப்புகின்றன. அவற்றை வாங்கும் ஏரியல் படுக்கையாக இருக்கும். மாற்றி வைத்தால் சமிக்ஞை நூற்றில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம்.

செய்து பார்ப்போம்

146 மெகாஹெர்ட்ஸுக்கு நான் செய்யும் ஏரியலைச் சொல்கிறேன். உரிமம் பெற்ற மாணவர் எவரும் ஒரு மாலையில் செய்துவிடலாம். எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று, வெல்டிங் கடையில் கிடைக்கும் பித்தளைக் கம்பி ஐந்து துண்டுகள், சிறு திருகுகள், 50 ஓம் கேபிள் ஆகியவை போதும். கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகளில் இப்பொருள்கள் கிடைக்கும்.

கணக்குப்படி நிற்கும் கம்பிக்கு 48.8 சென்டிமீட்டர் வேண்டும். முதலில் 51 சென்டிமீட்டர் விட்டு வெட்டிச் சாக்கெட்டின் நடுவில் பற்றவைக்க வேண்டும். வெட்டியதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மற்ற நான்கையும் சற்றே நீளமாக வைத்து மூலைத் துளைகளில் திருகி, 45 பாகை கீழ்நோக்கி வளைக்க வேண்டும். தட்டையாக விரித்தால் ஏரியலின் மின்மறுப்பு சுமார் 36 ஓம். கீழே வளைக்கும்போது 50 ஓமை நெருங்கும். கேபிளும் 50 ஓம் என்பதால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஒத்துப்போகிறதா என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டும். 1 என்றால் அனுப்பிய ஆற்றல் முழுவதும் ஏற்கப்படுகிறது. 2 என்றால் 11 விழுக்காடும் 3 என்றால் 25 விழுக்காடும் திரும்பி வருகின்றன. 2019 முதல் பரவலான நானோ வி.என்.ஏ. என்ற சிறு கருவி சில நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது; அது முழு வரம்பையும் கோட்டுப்படமாகவே காட்டிவிடும்.

ஏரியலைத் தகரக் கூரையிலிருந்தும் நம் உடலிலிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி வைத்து அளக்க வேண்டும். கோட்டின் பள்ளம் 141இல் விழுந்தால் கம்பி நீளம் என்று பொருள். இருக்கும் நீளத்தை 141ஆல் பெருக்கி 146ஆல் வகுத்தால் வேண்டிய நீளம் வரும். அந்த அளவை நெருங்கும்வரை மூன்று மூன்று மில்லிமீட்டராக வெட்டி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்.

விமானத்திலும் இதே வேலைதான். ஆனால் கண்ணாடி இழைக்குள் பதித்த பட்டையில் அலையின் வேகம் குறைவதால் நீளமும் குறையும். பதித்த பின் வெட்ட முடியாது. ஆகவே அதே பொருளில் ஒரு மாதிரித் துண்டு செய்து, முதலில் அதில் அளந்துகொள்வது நல்லது.

மீட்டர் சொல்லாதது

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: மீட்டர் 1 காட்டுவதால் மட்டும் ஏரியல் நல்லது ஆகிவிடாது. 50 ஓம் மின்தடையைக் கேபிளின் முனையில் மாட்டினாலும் மீட்டர் 1 காட்டும். அதிலிருந்து பேச்சு எங்கும் போகாது, சூடுதான் கிளம்பும். நீளமான மெல்லிய கேபிளும் இப்படி ஏமாற்றும். பத்து மீட்டர் ஆர்.ஜி.58 கேபிளில் இந்த அலைவரிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் வீணாகிறது. திரும்பி வரும் ஆற்றலும் வழியிலேயே தேய்வதால் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும்.

எனவே கடைசிச் சோதனை பேசிப் பார்ப்பதுதான். விமானம் மெல்ல வட்டமிடும்போது எந்தத் திசையில் குரல் மங்குகிறது என்று தரையில் இருப்பவரிடம் கேட்பார்கள். எஞ்சினோ சக்கரக் காலோ மறைக்கும் திசை அப்போது தெரிந்துவிடும்.

நிலமும் கணக்கில் சேரும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. ஆயிரம் அடி உயரத்தில் பறப்பவருக்குத் தடையில்லாத இடத்தில் சுமார் 72 கிலோமீட்டர் வரை எட்டும். செரண்டாவுக்கு மேற்கே கோல சிலாங்கூர் வரை பெரும்பாலும் தாழ்ந்த செம்பனை நிலம். குரல் தடையின்றிப் போகும். கிழக்கே 1,772 மீட்டர் உயர உலு காலி மலை நிற்கிறது. எவ்வளவு நல்ல ஏரியலும் அதை ஊடுருவாது.

சட்டமும் மின்னலும்

என் உரிமம் விமான அலைவரிசையில் ஒரு சொல் பேசவும் இடம் தராது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி உரிய அனுமதியின்றி அலைவரிசையைப் பயன்படுத்துவது குற்றம். 121.5 அவசர அலைவரிசை. அதில் சோதனைப் பேச்சு கூடவே கூடாது. விமானத்தில் எதைப் பொருத்துவதற்கும் மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. தொழிற்சாலையில் செய்து சான்றிதழ் பெற்ற விமானத்தில் வீட்டு ஏரியலுக்கு இடமில்லை. தாமே கட்டும் விமானங்களுக்குத்தான் இக்கலை பொருந்தும், அதுவும் உரிய பரிசோதனைக்குப் பிறகே.

சிலாங்கூர் உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. மதியம் கறுத்துவந்தால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். மின்கம்பிக்கு அருகில் ஏரியலை ஒருபோதும் உயர்த்தாதீர்கள்.

அமெச்சூர் உரிமத்துக்கான தேர்வை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துகிறது. பொறியியல் மாணவர்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்பதில்லை. தமிழ்ப் பள்ளியில் அலையைப் பற்றிப் படித்துவிட்டு வந்த நம் பிள்ளைகள், அந்த அலையை ஒரு முழத்துக்குச் சற்று மிஞ்சிய கம்பியில் பிடித்துக் காட்ட முடியும். அடுத்த விடுமுறையில் நண்பர்கள் இருவர் சேர்ந்து தேர்வுக்குப் படிக்கத் தொடங்குங்கள். கம்பியை வெட்டுவது அதற்குப் பிறகு.