உச்சி வெயிலில் ஒரு வண்டிமாடு

சித்திரை மாதத்து உச்சி வேளை. லுஹர் பாங்கு கேட்டு, வெயிலுக்கு முகம் சுளித்தவாறே பள்ளிவாசலுக்குள் நுழைகிறோம். வெளியே, மணல் பாரம் இழுத்துவந்த ஒற்றை மாடு நுரை தள்ளி நின்றுவிடுகிறது. வண்டிக்காரர் சாட்டையை ஓங்குகிறார். ‘சண்டி மாடு’ என்பது அவருடைய தீர்ப்பு. இக்காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். பாரம் இழுக்கும் தசைகளே வெப்பத்தை உண்டாக்குபவை. ஆகவே வேலை செய்யும் மாட்டை வெயில் வெளியிலிருந்தும் உழைப்பு உள்ளிருந்தும் சுடுகின்றன. வியர்த்தும் மூச்சிரைத்தும் அவ்வெப்பத்தை வெளியேற்ற இயலாதபோது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஓர் அபாய அறிவிப்பு புறப்படுகிறது. அது சிறுநீரகங்களை அடுத்துள்ள அட்ரீனல் சுரப்பிகளை எட்டியதும், கார்டிசால் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. சேமித்துள்ள சத்தைச் சர்க்கரையாக்கித் தருவது அதன் பணி. சிறிது நேரத்திற்கு இது உயிர்காக்கும் ஏற்பாடுதான்.

நாள்தோறும் இதே நிலை நீடித்தால்? தசை கரைகிறது, நோயெதிர்ப்புச் சக்தி குன்றுகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பல நாட்கள் வெப்பத்தில் வாடிய மாட்டின் இரத்தத்தில் கார்டிசால் மீண்டும் குறைந்திருப்பதும் உண்டு. மாடு தேறிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. உள்வெப்பத்தைக் குறைக்க உடல் தன் அடுப்பைத் தானே தணித்துக்கொள்கிறது. தைராய்டு சுரப்பு இறங்குகிறது, தீனியும் குறைகிறது. அந்த மாட்டிடம்தான் நாம் பழைய வேலையைக் கேட்கிறோம்!

வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை எந்த விலங்கையும் வண்டியிலோ பொதியிலோ ஈடுபடுத்தக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறுகின்றன. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரமே வேலை; இடைவிடாமல் 5 மணி நேரத்திற்கு மேல் கூடாது. வேலூரில் கத்திரி வெயில் 40ஐத் தாண்டுவது புதிதன்று. ஆனால் வண்டிக்காரரை மட்டும் குறை கூறி என்ன பயன்? அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீடு அவருடையது. நண்பகலில் மணல் வேண்டுமென்று அவசரப்படுத்துபவர்கள் நாம்.

கார்டிசாலைக் கண்ணால் காண இயலாது; விலாவின் ஏற்ற இறக்கத்தை எண்ணலாம். நிமிடத்திற்கு 80 மூச்சைத் தாண்டினால் நுகத்திலிருந்து அவிழ்த்து நிழலில் கட்டி, குடிக்க நீர் வைத்து, உடம்பிலும் ஊற்றச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு மணலோ செங்கல்லோ தேவையெனில், வண்டியை ஃபஜ்ருக்குப் பின்னரோ அஸருக்குப் பின்னரோ வரச் சொல்லலாம். கூலி அதற்காகக் கூடிவிடப் போவதில்லை.