பசியும் நிறைவும்: குடல் விடுக்கும் தூது

பசி என்பது வெறும் வயிற்றின் கூக்குரல் என்றே நாம் எண்ணிவருகிறோம். ஆயின் குடல் உணவைக் கடத்தும் குழாய் மட்டுமன்று. குருதியின் வழியே தூது விடுக்கும் சுரப்பியுமாகும்.

இரைப்பையின் அமிலம் சிறுகுடலை அடைந்ததும் கணையம் நீர் சுரக்கிறது. இதற்கு நரம்புகளே காரணம் என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலவிய கருத்து. 1902ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் அறிஞர் இருவர், மயக்கமூட்டிய நாயொன்றின் குடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்து, அங்கே அமிலத்தை இட்டனர். அப்போதும் கணையம் சுரந்தது. பின்னர்க் குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்துடன் அரைத்து வடித்த நீரைக் குருதியிற் செலுத்தினர். மீண்டும் கணையம் சுரந்தது. தூது சென்ற அப்பொருளுக்குச் செக்ரிட்டின் எனப் பெயரிட்டனர். இத்தகைய பொருள்களை 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்றழைத்தார். நாம் அதனை இயக்குநீர் என்கிறோம்.

செக்ரிட்டின் தூண்டுதலாற் கணையம் சுரக்கும் காரநீர் அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலுக்கு வருங்கால் கோலிசிஸ்டோகைனின் என்பது பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. போதும் என்னும் உணர்வையும் மூளைக்கு எட்டச் செய்கிறது. ஜி.எல்.பி.-1 என்பதோ இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, இன்சுலின் சுரப்புக்குத் துணைநின்று, பசியை அடக்குகிறது. இவற்றுக்கு மாறானது கிரெலின். 1999இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்த இது, இரைப்பையிலிருந்து புறப்பட்டுப் பசியைத் தூண்டுகிறது. உணவுக்கு முன் உயர்வதும் உண்டபின் தாழ்வதும் இதன் இயல்பு.

இவ்வறிவு நமக்கு உணர்த்துவது யாது? நிறைவின் தூது மூளையை எட்டச் சிறிது நேரம் ஆகும். விரைந்து உண்பவர் அத்தூது வருமுன்னரே மிகுதியாக உண்டுவிடுகிறார். ஆகவே நிதானமாக உண்பதே நன்று.

மற்றொன்றும் உண்டு. உணவைக் குறைத்து எடை இழந்தோரிடம் கிரெலின் அளவு உயர்வதை 2002இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. உடல் தான் இழந்ததை மீட்கப் போராடுகிறது. எடை மீண்டும் கூடியவரை மனவுறுதி அற்றவர் என நாம் எள்ளி நகையாடுவது எவ்வாறு அறமாகும்? ஜி.எல்.பி.-1 போன்று செயற்படும் செமாகுளூட்டைடு என்னும் மருந்துக்கு, உடற்பருமனைக் குறைப்பதற்காக 2021இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அத்தகைய மருந்துகளை மருத்துவரின் அறிவுரைப்படியே கொள்ளல் வேண்டும்.

பசித்தவரைப் பரிவுடன் நோக்கக் கற்ற நாம், பசி தணியாது வருந்துவோரையும் அவ்வாறே நோக்குவோமாக.