ஊரார் குரலில் பாடும் நேட்டால் ராபின்

கிளியைப் பேசப் பழக்க வேண்டுமானால் கூண்டில் அடைத்து, மாதக்கணக்கில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். யாரும் பழக்காமலே, காட்டில் தன் போக்கில் திரிந்தபடி, அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலைக் கற்றுக்கொண்டு பாடும் பறவை ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அதன் பழைய பெயர் நேட்டால் ராபின். தலையின் செந்நிறத்தைக் கொண்டு இப்போது 'ரெட் கேப்டு ராபின் சாட்' என்கிறார்கள்.

நேட்டால் என்ற பெயர் தமிழர்களுக்குப் புதியதன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் சென்ற ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய டர்பன் துறைமுகம் அங்கேதான் உள்ளது. அந்தக் கடலோரக் காடுகளே இப்பறவையின் வீடு. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1840இல், ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நேட்டாலின் பெயரால் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். ஆனால் நேட்டாலோடு இது நின்றுவிடவில்லை. மொசாம்பிக், தான்சானியா, கென்யா என்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வாழ்கிறது.

தோற்றம்

நீளம் சுமார் 18 சென்டிமீட்டர், எடை சுமார் 30 கிராம். நம் கொண்டைக்குருவியை விடச் சற்றே சிறியது. முகம், தொண்டை, மார்பு, வயிறு எல்லாம் நன்கு பழுத்த கமலா ஆரஞ்சின் நிறம். உச்சந்தலை செம்பழுப்பு. முதுகிலும் இறக்கையிலும் நீலம் கலந்த சாம்பல் நிறம் படர்ந்திருக்கும். செந்நிற வாலின் நடுவில் கறுத்த இறகுகள். இதன் உறவுப் பறவைகள் பலவற்றுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் உண்டு, இதற்கு இல்லை. அதனால் கருங்கண் தனியாக எடுப்பாகத் தெரியும். ஆண், பெண் இரண்டும் ஒரே தோற்றம் கொண்டவை. குஞ்சுகளின் உடலில் மட்டும் புள்ளிகள் இருக்கும்.

உணவு

உணவு பெரும்பாலும் தரையில்தான். மர நிழலில் உதிர்ந்து கிடக்கும் சருகுகளுக்கிடையே இரண்டு மூன்று முறை தத்தும். நின்று உற்றுப் பார்க்கும். அலகால் சருகைப் புரட்டும். எறும்பு, கறையான், வண்டு, சிலந்தி, புழு எது அகப்பட்டாலும் விடாது. சிறு பழங்களையும் தின்னும். படையெறும்புகள் கூட்டமாகக் கிளம்பினால், அவற்றுக்கு அஞ்சி வெளியே ஓடிவரும் பூச்சிகளைப் பிடிக்க அங்கே வந்துவிடும்.

டர்பன் நகரத் தோட்டங்களிலும் இதைக் காணலாம். ஆனால் புதரும் சருகும் இருந்தால்தான் வரும். சுத்தம் என்று நினைத்து ஓர் இலை விடாமல் பெருக்கி எரிக்கும் வீட்டில் இதற்கு வேலையில்லை. நமக்குக் குப்பையாகத் தெரிவது இதற்குச் சாப்பாட்டுத் தட்டு.

குரல்

கூச்ச சுபாவம் உள்ள பறவை என்பதால் கண்ணில் படுவது அரிது. விடியலிலும் அந்தியிலும் புதருக்குள் இருந்தபடியே பாடும். பாட்டில் அதன் சொந்தச் சரக்கோடு அயலார் சரக்கும் கலந்திருக்கும். மீன் கழுகின் கணீரென்ற கூவல், பக்கத்து மரத்துக் குருவியின் கீச்சு, வழிப்போக்கன் அடிக்கும் சீழ்க்கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தண்ணீரே இல்லாத இடத்தில், தாழ்ந்த புதரிலிருந்து மீன் கழுகு கூவுகிறதென்றால் அங்கே கழுகு இல்லை, ராபின்தான் இருக்கிறது! சுற்றுப்புறத்தில் வாழும் பறவைகள் எவை என்பதை இதன் பாட்டைக் கொண்டே ஓரளவு ஊகித்துவிடலாம்.

இத்தனை குரல் தெரிந்த பறவையும் ஓரிடத்தில் ஏமாந்துபோகிறது. செம்மார்புக் குயில் இதன் கூட்டில் முட்டையிட்டுவிடும். பொரிந்து வரும் குயில் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். ராபின் அதைத் தன் பிள்ளையென்றே ஊட்டி வளர்க்கும்.

குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இரவல் குரல்களைத் தவிர, இதற்கென்று ஓர் எளிய அழைப்பு இருக்கிறது. ஏறியும் இறங்கியும் ஒலிக்கும் இரண்டே சுரங்கள், ஊஞ்சல் ஆடுவதுபோல. மற்றொரு ராபினோடு தொடர்பு கொள்ள இந்தக் குரலைத்தான் பயன்படுத்துகிறது. தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் தமிழ் என்று வளரும் நம் குழந்தைகளுக்கு இது எளிதில் விளங்கும். எத்தனை குரல் கற்றாலும் சொந்தக் குரலை மறக்க வேண்டியதில்லை.

இதைக் கேட்க ஆப்பிரிக்கா போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த குண்டுக்கரிச்சான் நம் நாட்டில் பல நகரங்களிலும் உண்டு. வங்காளிகள் 'தோயேல்' என்பார்கள். பங்களாதேஷின் தேசியப் பறவையும் அதுவே. கறுப்பும் வெள்ளையுமான அதுவும் தரையில் தத்தி இரை தேடும், பிற பறவைகளின் குரலைத் தன் பாட்டில் சேர்க்கும். சித்திரை மாத விடியலில் குழந்தைகளை எழுப்பி, மாடிக்கு அழைத்துப்போய்க் கேட்கச் செய்யுங்கள். எந்தெந்தக் குரல் இரவல் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.