துண்டுக்குள் பேசாதீர்கள்

மணப்பாறை மாட்டுச்சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத் தரகர் பேசி முடிப்பார். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. ஆனாலும் மாடு கண்ணெதிரே நிற்கிறது, பிடித்துக்கொண்டு போகலாம். போக்கர் சீட்டாட்டப் போட்டியின் கடைசி மேசையில் பரிசைப் பிரித்துக்கொள்ளப் பேசுகிறார்களே 'டீல்', அதில் மாடு இன்னும் சந்தைக்கே வரவில்லை.

கோவா காசினோ போட்டிகளுக்குப் போகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். மூன்று பேர் மிச்சம். பரிசு 5 லட்சம், 3 லட்சம், 2 லட்சம். சிப்ஸில் (ஆட்ட வில்லைகளில்) பாதி ஒருவரிடம், 30 விழுக்காடு அடுத்தவரிடம், 20 விழுக்காடு கடைசி ஆளிடம். "சிப்ஸ் விகிதப்படி மொத்தத்தையும் பிரிச்சுக்கலாமே" என்பார் சிப்ஸ் அதிகமுள்ள பெரிய கைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். போட்டுப் பாருங்கள்: அவருக்கு 5 லட்சம், ஜெயிக்காமலே முதல் பரிசு. கடைசி ஆளுக்கு 2 லட்சம். அது அவர் அடுத்த ஆட்டத்திலேயே தோற்றாலும் கிடைக்கிற பணம்! ஆளுக்கு 2 லட்சம் எடுத்துவைத்து, மீதி 4 லட்சத்தை மட்டும் சிப்ஸ்படி பிரித்தால் 4, 3.2, 2.8 லட்சம். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் முடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கும் ஐ.சி.எம். முறையில் ஏறக்குறைய 3.84, 3.27, 2.89 லட்சம். மேசை ஒன்றுதான், கணக்கு மூன்று. எந்தக் கணக்கு என்று கேட்காமல் தலையாட்டுகிறவர் பெரும்பாலும் சின்னக் கைக்காரர்தான்.

அடுத்தது வரி. சீட்டாட்டப் பரிசுக்கு வருமான வரி 30 விழுக்காடு, அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரி தனி. தனியாகப் பேசிக்கொண்ட டீல் காசினோவின் ஏட்டில் ஏறாது. முதல் பரிசு 5 லட்சத்தில் ஒன்றரை லட்சம் பிடித்ததுபோக 3.5 லட்சம்தான் கைக்கு வரும். ஜெயித்தவர் பெரிய கைக்காரர், ஐ.சி.எம். படி தன் 3.84 லட்சம் போக 1.16 லட்சத்தை மற்ற இருவருக்கும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், அவர்கள் பங்குக்கான வரி சுமார் 35,000 ரூபாயும் ஜெயித்தவர் தலையில். சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். வரிக்கு முன்னா, பின்னா என்பதை முதலிலேயே பேசுங்கள்.

சரி, ஜெயித்தவர் பணம் தராமல் போய்விட்டால்? 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் வென்ற பணத்துக்கு வழக்குப் போட முடியாது என்கிறது. போக்கர் திறமை விளையாட்டு என்று வாதாடலாம்தான். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் ரம்மி, போக்கரைத் தமிழ்நாட்டின் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் ஒரு லட்சத்துக்காக எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடப்பீர்கள்? ஆகவே போட்டி இயக்குநரைக் கூப்பிட்டு, ஆட்டத்தை நிறுத்தி, எல்லார் காதிலும் விழப் பேசி, அவரவர் பங்கைக் காசினோவே நேராகக் கொடுக்கும்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாப் போட்டியிலும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் டீல் இல்லை. அவரை நெருக்க யாருக்கும் உரிமை கிடையாது. மற்றவருக்குத் தெரியாமல் இருவர் சேர்ந்து விட்டுக்கொடுத்து ஆடுவது டீல் அல்ல, திருட்டு ஆட்டம்.

செல்போன் ஆட்டத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்கு அதில் தண்டனை இல்லை. அதை நம்பி வெளிநாட்டு ஆப்பில் பணம் கட்டி, டெலிகிராமில் டீல் பேசினால், ஏமாந்த பிறகு போய்க் கேட்க அங்கே ஓர் அலுவலகம்கூட இருக்காது.

அப்படி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்தப் பணத்தை வங்கியில் முடக்கும் வாய்ப்பு குறையும். ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவர்கள் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை.