லயத்துப் பெயர்களும் ஒரு மேசைக் கணினியும்

2014 ஒக்டோபர் 29 காலை ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் எத்தனை பேர் என்று உறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. நூறு என்றார்கள், முந்நூறு என்றும் செய்தி வந்தது. பிழைத்து முகாமில் இருந்தவர்களை எண்ண எண்ண அந்தத் தொகை மாறிக்கொண்டே போனது. அன்று காலை யார் வீட்டில் இருந்தார், யார் மலைக்குப் போயிருந்தார் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது, உண்மைதான். ஆனால் எந்த லயத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் உடனே கைக்கு எட்டினால், பிழைத்தவர்களின் பெயரை அடித்துக்கொண்டே வந்து மிஞ்சியவர்களைப் பெயர் சொல்லித் தேடலாம். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். தோட்டக் காரியாலயத்து மேசைக் கணினியும் அதில் நிறுவிய இலவசத் தரவுத்தள மென்பொருளும் போதும்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிய ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். அதன் அடித்தளம் மைஎஸ்கியூஎல் என்ற இலவசத் தரவுத்தளம். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்தேயில் மலை சரிந்து ஒரு கிராமமே புதைந்தபோதும் அது பயன்பட்டது. நம்மவர் எழுதிய மென்பொருள் அந்நிய நாட்டு மண்சரிவுக்கு உதவியது என்றால் ஊவாவின் மலைச்சரிவுகளுக்கும் உதவும்.

எக்செல் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. எக்செல் கட்டம், தனியாக விதி வைக்காதவரை, எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். தரவுத்தளம் நாம் விதித்த விதிக்குப் பொருந்தாததைத் திருப்பி அனுப்பும். அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும்: முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வந்த புதிய அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கங்கள். சேமலாப நிதிக் கணக்கில் பழைய இலக்கமும் தோட்டப் பட்டியலில் புதிய இலக்கமும் இருந்தால், கொழுந்தெடுக்கும் ஒரே பெண் எக்செலில் இரண்டு ஆளாகிவிடுவார். தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் மாதாமாதம் சேரும் நிதி அது. ஆள் குழம்பினால் முதுமையில் அலைபவர் அவர்தான். தரவுத்தளத்தில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, இரு அட்டை இலக்கங்களையும் அந்த எண்ணின் கீழேயே கட்டிவைத்து, ஒரே இலக்கம் இன்னொருவர் பெயரில் ஏறாதபடி தடுத்துவிடலாம்.

மின்சாரம் போனால் எல்லாம் போகுமே என்பது அடுத்த தயக்கம். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஊவா மலைகளில் மாலை இடிமழை வழக்கம். கொழுந்து நிறுத்து கணக்கு ஏற்றும் நேரமும் அதுதான். இருபது பேரின் கிலோவை ஒரே பரிவர்த்தனையாக ஏற்றும்போது பதினோராவது பெயரில் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மைஎஸ்கியூஎல் மாற்றங்களைத் தனிக் குறிப்பேட்டிலும் எழுதிவைக்கிறது. கணினி மீண்டும் எழும்போது அதைப் படித்து, முடிந்த வேலையை நிலைநிறுத்தி, அரைகுறையானதை அழித்துவிடும். பாதிப் பேருக்கு நாள் பேர் (அன்றைய வேலைப் பதிவு) விழுந்து பாதிப் பேருக்கு விழாமல் போவதில்லை.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. எழுத்துக் குறியாக்க முறையை ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று வையுங்கள். பழைய பதிப்புகளின் இயல்பு அமைப்பில் விட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகலாம். பாமினி எழுத்துருவிலும் ஏற்றாதீர்கள். அதில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினிக்குள் கிடப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழாகத் தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. அடையாள இலக்கங்கள் உள்ளே இருப்பதால் வெளி வலையமைப்பு எட்டாதபடி அதே கணினிக்குள் மட்டும் இயங்கவிடுங்கள். கிலோ ஏற்றுகிறவருக்குப் புதிதாய் எழுதும் உரிமை மட்டும் போதும். போன மாதக் கணக்கைத் திருத்தும் உரிமை வேண்டாம்.

எல்லாவற்றையும் இணையத்திலேயே வைத்துவிடலாமே என்பவர்களுக்கு, மலை மடிப்புகளில் சிக்னல் நிற்காத நாளிலும் கணக்கு எழுதியாக வேண்டும் என்பதே பதில். ஆனால் அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு: மலை சரிந்தால் கணினியும் போகும். ஆகவே பிரதி வேறிடத்தில் இருந்தே ஆகவேண்டும். எழுநூறு தொழிலாளர், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 210,000 பதிவுகள்; ஒன்றுக்கு நூறு பைட் வைத்தாலும் ஆண்டுக்கு 21 எம்பிதான். பத்தாண்டுக் கணக்கு ஒரு பென்டிரைவில் அடங்கும். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் நகல் பழுதாகலாம். மென்பொருளோடு வரும் ‘டம்ப்’ கருவியால் எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றித் திறந்தும் பாருங்கள்.

உங்கள் தோட்டத்தில் ஒரு கணினி இருந்தால், முதலில் ஏற்றுங்கள் லய இலக்கத்தையும் அதில் குடியிருப்போர் பெயர்களையும். இந்த ஐப்பசி மழைக்கு முன் அதன் ஒரு பிரதி பதுளை டவுனுக்குப் போய்ச் சேரட்டும்.