தலைவெட்டியான் பாளையம் (இணையத் தொடர்): விமர்சன வரவேற்பு

தலைவெட்டியான் பாளையம் என்பது 2024 செப்டம்பர் 20 அன்று அமேசான் பிரைம் வீடியோ தளத்தில் வெளியான தமிழ் நகைச்சுவைத் தொடர் ஆகும். இது எட்டுப் பகுதிகளைக் கொண்டது. படித்த நகரத்து இளைஞர் ஒருவர் கிராம ஊராட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து படும் பாடே இதன் கரு. 2020இல் வெளியான ‘பஞ்சாயத்’ என்ற இந்தித் தொடரைத் தழுவி இது எடுக்கப்பட்டது. ஆகவே இதைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தன: மொழி மாறியது, ஊர் மாறியதா?

கதைக்களம்

சென்னையைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி சித்தார்த், வேறு நல்ல வேலை கிடைக்காத நிலையில், திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஊராட்சிச் செயலராகச் சேர்கிறார். ஊராட்சித் தலைவராகத் தேர்வானவர் ஒரு பெண். ஆனால் அலுவலகத்தை நடத்துபவர் அவருடைய கணவர். சித்தார்த்தாக அபிஷேக் குமாரும், தலைவராகத் தேவதர்ஷினியும், கணவராகச் சேத்தனும் நடித்துள்ளனர். நியதி, ஆனந்த் சாமி, பால் ராஜ் ஆகியோரும் உள்ளனர். இயக்கியவர் நாகா, 1990களில் ‘மர்மதேசம்’ தொடரின் வழியாகத் தமிழ்த் தொலைக்காட்சி நேயர்களுக்கு நன்கு அறிமுகமானவர். எழுதியவர் பாலகுமாரன் முருகேசன்.

மூலத் தொடர்

‘பஞ்சாயத்’ தொடரை தி வைரல் ஃபீவர் நிறுவனம் தயாரித்தது. உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில் உள்ளதாகக் காட்டப்படும் புலேரா என்ற ஊரில் கதை நடக்கிறது. ஜிதேந்திர குமார், ரகுபீர் யாதவ், நீனா குப்தா ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். பேய் மரம், சக்கர நாற்காலி போன்ற சின்ன விஷயங்களைக் கொண்டே ஒவ்வொரு பகுதியும் நகர்கிறது. 2023இல் கோவாவில் நடந்த 54ஆவது இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில், சிறந்த இணையத் தொடருக்கான விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, இத்தொடரின் இரண்டாம் பருவமே அதைப் பெற்றது. இவ்வளவு புகழ்பெற்ற மூலத்தோடு ஒப்பிடப்பட்டது தமிழ்த் தொடருக்குப் பெரும் சுமையாயிற்று.

பாராட்டுகள்

நடிப்பே விமர்சகர்களிடம் முதல் பாராட்டைப் பெற்றது. குறிப்பாகச் சேத்தனும் தேவதர்ஷினியும் கணவன் மனைவியாகத் தோன்றும் காட்சிகள் இயல்பாக இருப்பதாகக் கூறப்பட்டது. குடும்பச் சண்டையும் பழிவாங்கலும் நிறைந்த நெடுந்தொடர்களுக்கு நடுவே, வேலை செய்யும் இடத்தை மையமாகக் கொண்ட அமைதியான நகைச்சுவை தமிழில் அரிது. அந்த வகையிலும் இது வரவேற்கப்பட்டது. மூலத்தைப் பார்க்காதவர்களுக்கு இது நல்ல தொடக்கம் என்ற கருத்தும் இருந்தது.

குறைகள்

மூலத்தின் முதல் பருவத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியது என்பதே முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டது. இந்தித் தொடரை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது இதன் பொருள்.

இக்குறையைப் புரிந்துகொள்ள இரு மாநிலங்களின் நடைமுறையை ஒப்பிடலாம். தமிழ்நாட்டில் 2024இல் 12,500க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருந்தன. ஊராட்சிச் செயலர் பணிக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மட்டுமே. அந்த நாற்காலியில் ஒரு பொறியியல் பட்டதாரி அமர்கிறார் என்றால், பொறியியல் கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்காக வைத்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. எனவே மனைவி பெயரில் கணவர் ஆளும் வழக்கம் இங்கு வெறும் சிரிப்புக்குரிய செய்தி அன்று. பாதி ஊராட்சிகளில் தேர்வான பெண்கள் உண்மையில் பதவியை நடத்துகிறார்களா என்ற கேள்வி அது. இத்தகைய உள்ளூர்ச் செய்திகளில் ஊன்றியிருந்தால் தொடர் தனக்கென ஒரு முகத்தைப் பெற்றிருக்கும்.

மறுஆக்கமும் முதல் பருவமும்

முதல் பருவத்தைக் கொண்டு ஒரு மறுஆக்கத்தை முற்றிலும் தீர்ப்பிடுவதும் சரியாகாது. பிரித்தானியாவில் 2001இல் வெளிவந்த ‘தி ஆபிஸ்’ தொடரை அமெரிக்கர்கள் 2005இல் மறுஆக்கம் செய்தபோது, அதன் முதல் பகுதி மூலத்தின் நகல் என்றே விமர்சிக்கப்பட்டது. பின்னர் எழுத்தாளர்கள் அமெரிக்க அலுவலக வாழ்க்கைக்கு ஏற்பப் பாத்திரங்களை மாற்றினர். மறு ஆண்டே அது சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது. 2013 வரை 201 பகுதிகள் ஓடியது. இந்தியில் 2019இல் வந்த அதன் மறுஆக்கமோ மூலத்தை மிகையாகப் பின்பற்றியதாகக் கூறப்பட்டது.

புதுச்சேரிப் பார்வையாளர்கள்

ஒரே தொடரை வெவ்வேறு ஊரார் வெவ்வேறாகப் பார்ப்பார்கள் என்பதற்குப் புதுச்சேரி நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1880இல் ஏற்பட்ட கொம்யூன் அமைப்பின் பெயர் இங்கு இன்றும் வழங்குகிறது. ஒன்றியப் பகுதியில் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. ஆனால் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. தொடர் வெளியான 2024 வரை அடுத்த தேர்தல் நடைபெறவில்லை. நிர்வாகம் அதிகாரிகளின் கையிலேயே இருந்தது. அவ்வாண்டு முதன்முறை வாக்களித்த 18 வயது இளைஞர், 2006இல் பிறந்தவர். தம் ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பணியாற்றியதைக் கண்டு வளர்ந்தவர் அல்லர். தொடரில் வரும் தலைவர், கணவர், செயலர் ஆகியோரின் இழுபறி தமிழ்நாட்டு இளைஞருக்குப் பழகிய வேடிக்கை; புதுச்சேரி இளைஞருக்கோ அது திரையில் மட்டுமே காணக் கிடைப்பது.

மதிப்பீடு

நடிப்பிலும் தொனியிலும் வெற்றி, உள்ளூர்த் தன்மையில் குறை என்பதே இத்தொடரைப் பற்றிய விமர்சனங்களின் சுருக்கம். பணியிட நகைச்சுவைத் தொடரில் சிரிப்பு வசனத்தால் மட்டும் பிறப்பதில்லை; அந்த அலுவலகத்தின் விதிகளாலும் வழக்கங்களாலும் பிறக்கிறது. விதிகள் மாறும்போது கதையும் மாற வேண்டும். தமிழில் இவ்வகைத் தொடர்களை இனி எடுப்பவர்களுக்கு இத்தொடரின் வரவேற்பு உணர்த்தும் பாடம் இதுவே.